கூட்டிய இடம்

கல்லாற்றுப் பாலத்தின் மூன்றாம் தூணில்
வாவியின் மட்டம் அளக்கத் தொங்கப்போகும் பெட்டி
இப்போது என் சாப்பாட்டு மேசையில்
வயிறு திறந்து கிடக்கிறது.
சீரியல் வயரில் ஓர் எழுத்து வரும்.
இரண்டாவது வரும்.
பிறகு ஒன்றும் இல்லை, மூன்று இரவாக.

பூட்லோடருக்குப் பெரிய ஆயுள் கிடையாது.
கரண்ட் வந்ததும் எழும்பும்,
நினைவகத்தில் எது பிடித்த இடம், எது வெறுமை என்று
இருட்டில் தடவிப் பார்க்கும்,
கார்ட்டிலிருந்து கேர்னலைத் தூக்கி
பதினாறின் கணக்கில் ஒன்றும் ஐந்து பூச்சியமும் போட்ட
முகவரியில் இறக்கும்.
கண்டதையெல்லாம் கடிதமாக எழுதி
அது கிடக்கும் இடத்தை ஒரு றெஜிஸ்டரில் குறித்து,
பக்கத்து றெஜிஸ்டரில்
நான்தான் அனுப்பியது என்பதற்கு ஓர் அடையாள எண்ணும் வைத்து,
பாயும்.
அழைப்பு அல்ல அது.
திரும்பிவர ஒரு முகவரியும் வைத்துக்கொள்ளாது.

ஆறே முக்காலுக்கு நான் மட்டக்களப்பு பஸ்ஸால் இறங்குவேன்.
ஏழுக்கு ரூபன் களுவாஞ்சிக்குடி ஆஸ்பத்திரிக்கு, இரவு வேலை.
பதினைந்து நிமிசம் எங்கள் குடும்பம்.
பஸ் பிந்தினால்
முன்வீட்டு சுகிர்தமலரின் மடியில் மகளும்
குசினி மேசையில் துண்டும் இருக்கும்:
"ஒண்டரைக்குப் பால். கக்கித்தாள்.
காய்ச்சல் இல்ல. கேஸ் முடியப்போகுது."
அன்புடன் என்று அவர் முடித்ததே இல்லை.
அதற்கு ஒரு வரி வேண்டும்.

நாலாம் இரவு, மகள் தூங்கியபின்,
நினைவகத்தை அப்படியே கொட்டிப் பார்த்தேன்.
அடையாள எண் சரி. முகவரி சரி.
அந்த முகவரியில்
பூச்சியம், பூச்சியம், பூச்சியம்,
திரை முட்டப் பூச்சியம்.

குப்பை கிடந்திருந்தால்
எங்கேயோ தவறிப்போனது என்றிருப்பேன்.
பூச்சியம் என்றால்
யாரோ கூட்டியிருக்கிறார்கள்.

கேர்னல்தான்.
எழும்பியதும் அதன் முதல் வேலை,
இன்னும் மதிப்பு வராத தன் மாறிகளின் இடத்தை
மூலை விடாமல் துடைப்பது.
அந்த இடம் கோப்பில் இராது.
இவ்வளவு வேண்டும் என்ற ஓர் எண் மட்டும் தலைப்பில் இருக்கும்.
நான் தலைப்பை வாசிக்கவில்லை.
கோப்பு முடிந்ததும் வீடு முடிந்ததென்று
ஒரு பக்கம் தள்ளிக் கடிதத்தை வைத்தேன்.
போன கிழமை வரை அது போதும்.
வெள்ளக்காலத்து அளவுகளுக்கென்று
பெரிய அணியொன்றை உள்ளே சேர்த்தவளும் நானே.
வளவு பெருத்தது.
வேலி போடாத வளவும் அதன் வளவே.

வாசிக்காமல் கூட்டியதே என்று திட்ட வாயெடுத்தேன்.
போன வியாழன்
கஞ்சிக்கறையோடு ஒரு துண்டையும் துடைத்து
வாளிக்குள் போட்டவள் யார்?
"இடது காதைப் பிடிச்சு இழுக்கிறாள், பார்."
மூன்று நாள் கழித்து, சீழ் வந்தபிறகு, எனக்குத் தெரிந்தது.
எழுதினேன் என்றார் ரூபன்.
கிடைக்கவில்லை என்றேன்.
இரண்டும் உண்மை. மகள் அழுதுகொண்டிருந்தாள்.

கடிதத்தைக் கேர்னலுக்குக் கீழே இறக்கினேன்.
நினைவக வரைபடத்தில் அந்தத் துண்டு நிலத்துக்கு
'ஒதுக்கியது' என்று எழுதினேன்.
வீட்டில் அப்படியோர் இடம் இன்னும் அகப்படவில்லை.
காற்று, எறும்பு, மகளின் கை.

மூன்றாம் எழுத்து வந்தது.
நாலாவது. பிறகு வரி வரியாக.
கேர்னல் கடிதத்தைப் படியெடுத்துக்கொண்டது,
பூட்லோடர் நின்ற பக்கங்களையும்
வெறுங்காணி என்று தன் கணக்கில் சேர்த்தது.
முதல் அளவு அங்கேதான் விழுந்தது:
மேசையில் வைத்த வாளித் தண்ணீர்,
பத்தொன்பது சென்ரிமீற்றர்.

விடிய நேரத்தோடு பஸ் பிடிக்கவேண்டும்.
'வாளியை அசைக்காதீங்க' என்று எழுதி
காற்றுக்குப் பறக்காமல்
வாளிக்கு அடியில் வைத்துவிட்டுப் போனேன்.

பின்னேரம் ரூபன் ஒன்றும் சொல்லவில்லை.
ஈரத் துண்டை என் கையில் தந்தார்,
பிறகு மகளை,
பிறகு திறப்பை.