கடைசி டிராமுக்குப் பிறகு

கடைசி டிராம் பணிமனைக்குள் போனால்தான்
எனக்கு வேலை தொடங்கும்.
தோருன் நகரத்தில் டிராமை எல்லோரும் பார்ப்பார்கள்;
இந்த நிலவறையில் ஒரு காந்தமானி
பார்க்காமலே சொல்லும்.
விஸ்துலா பக்கம் அது வளையும்போது
முள் ஒரு கோடு சாயும்.
கயெத்தான் போகிறான் என்று அர்த்தம்.
இந்த வாரம் கடைசி வண்டி ஓட்டுவது
என் கணவன்.

ஐந்நூறு டிகிரி அடுப்பிலிருந்து
ஸ்ட்ரோன்சியம் புறப்படுகிறது,
விமானத்தை முந்தும் வேகம்.
எதிரே நீல லேசர்.
ஒளிக்கு எடை இல்லை என்று படித்திருப்பீர்கள்.
தள்ளத் தெரியும் அதற்கு.
அணுவின் சுருதிக்கு ஒரு மயிரிழை கீழே
அதைப் பிடித்து வைத்திருக்கிறேன்,
எதிர்த்து வருவதற்கு மட்டும் கேட்கும்படி.
கேட்டதும் வாங்கும்; வாங்கியதும் தளரும்;
வாங்கியதை எந்தப் பக்கமாவது உமிழும்;
மறுபடி வாங்கும்.
எறும்பூரக் கல் தேய்கிற கதைதான்,
ஐம்பதாயிரம் முறை,
ஒரு முழத்துக்குள்,
இமை கீழிறங்கும் முன்.

பிறகு ஆறு பக்கமும் ஒளி.
எங்கே திரும்பினாலும் எதிர்க்காற்று.
கண்ணாடிக்குள் ஒரு நீலப் பொட்டு,
கடுகளவு,
கோடி அணு.
ஐஸ் இல்லை, குளிர்பெட்டி இல்லை,
வெளிச்சம் பட்டுக் குளிர்ந்தது.
வெளியே ஜனவரி, மைனஸ் பதினாறு;
இதன் பக்கத்தில் அது
அடுப்பங்கரை.

இனி சிவப்புக்கு மாற்ற வேண்டும்.
சிவப்பு மெல்லிசு. கோபக்காரி.
காந்தப்புலம் கொஞ்சம் அசைந்தாலும்
கையிலிருப்பதைக் கொட்டிவிடும்.

பன்னிரண்டு ஐம்பத்திரண்டுக்கு முள் சாய்ந்தது.
திரும்பவில்லை.
ஒரு மணி. ஒன்று இருபது.
டோபியாஷ் கோட்டை மாட்டிக்கொண்டான்:
"இந்த ராத்திரி போச்சு."
நிலவறையில் போன் எடுக்காது.
மேலே போய்ப் பேசியிருக்கலாம். போகவில்லை.
நின்றுவிட்ட வண்டியும் மின்சாரம் குடிக்கும்;
முள் சாய்ந்திருக்கும்வரை
அவனுக்கு வெளிச்சம் இருக்கிறது,
சூடு இருக்கிறது.
ஆராய்ச்சிக்காரி முள் நிமிர வேண்டுமென்றாள்.
இன்னொருத்தி
வேண்டாமென்றாள்.

இரண்டு பத்துக்கு அது நடுங்கியது,
நகர்ந்தது, தேய்ந்தது,
பூஜ்யத்தில் வந்து உட்கார்ந்தது.

சிவப்பைத் திறந்தேன்.
மேகம் தன் எடையை அப்போதுதான் உணர்ந்தது போல்
ஒளியின் அடியில் போய்த் தங்கியது,
கவிழ்க்காத ஒரு சின்னக் கிண்ணம்.
எறும்பு நடக்கும் வேகம் அதற்குள்.
எல்லா ஒளியையும் அணைத்தேன்.
விழுந்தது.
விழுவதைப் படமெடுத்தால்தான்
எவ்வளவு குளிர்ந்தது என்று கணக்கிட முடியும்.
பதினேழு படம். நான்கு தேறியது.

வீட்டில் அவன் பூட்ஸைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான்.
மேல்கம்பியில் பனி உறைந்ததாம்.
ஒரே பயணி, மடியில் பூனைக் கூடை.
"இழுவை வண்டி வரும்வரை
அந்த ஆளுக்காக ஹீட்டரை ஓடவிட்டேன்" என்றான்.

"தெரியும்" என்றேன்.