டபிள்யூ

கையில் ஐம்பத்தெட்டாயிரத்து இருநூறு.
இருநூறு, பஸ்ஸுக்கும் ஒரு ரோஸ் மில்க்குக்கும்.

பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசித் தேதி நெருங்கிய வாரங்களில்
திருத்துறைப்பூண்டி சேவை மையத்தில்
ராத்திரி பதினொன்றுவரை
அடங்கலும் ஆதாரும் ஏற்றிக்கொடுத்துச் சேர்த்தது.
சர்வர் சுற்றிக்கொண்டே நின்ற நேரமெல்லாம்
இன்னொரு ஜன்னலில்
கிராபிக்ஸ் கார்டு பார்த்துக்கொண்டிருந்தேன்.
நாலா, ஆறா என்று
வாய்விட்டுக் கேட்டுவிட்டேன் போலிருக்கிறது.
எதிரே சிட்டாவை நீட்டியவர்
"நாலு மாதாம்மா" என்றார்.

மன்னார்குடி பந்தலடிக் கடையில்
இர்ஃபான் முதலில் கேட்டது:
"தம்பிக்கா, அக்கா?"
எனக்குத் தம்பி இல்லை.
"காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கா?"
சுட்டு விளையாட, என்றேன்.
அதோடு அக்காவை விட்டுவிட்டு
வாட்ஸ் கணக்குப் பேச ஆரம்பித்தான்.

கார்டு ஒன்றேதான்.
இந்தப் பெட்டியில் அறுபது வாட் குடிக்கும், அதில் தொண்ணூற்றைந்து.
பேர் ஒன்று, ஓட்டம் வேறு.
திரை வேகமாயிருந்தால்
நிறம் நாலு தண்ணீர் பார்த்த புடவையாயிருக்கிறது.
நிறம் நன்றாயிருப்பதில் விசிறி ஒன்று.
சித்திரையில், ஆஸ்பெஸ்டாஸுக்குக் கீழே, ஒன்று?
எட்டு ஜிபி ராம் போதாது, தெரியும்.
பின்மூடியைக் கழற்றச் சொல்லி
இன்னொரு குழி காலியாயிருக்கிறதா பார்த்தேன்.
இருந்தது.
குறுவைக்கு ஒரு கடைசித் தேதி வராமலா போகும்.
பை இலவசமாம். பை வேண்டாம், விலையில் கழி.
கழியாதாம்.

அறுபத்துநாலுக்கு ஒன்று கண்ணிலேயே நின்றது.
தவணை போட்டுக்கலாம் என்றான்.
எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்குக் கிழமை உண்டு.
வெள்ளி, காலை ஏழு மணி,
குழு வசூலுக்கு வருகிறவனின் பைக் சத்தம்.
தலையாட்டினேன், வேண்டாமென்று.

கொஞ்ச நேரம் என்னையே பார்த்தான்.
பிறகு உள்ளே போய்,
காட்சிக்கு வைத்திருந்ததை எடுத்துவந்தான்.
அதே மாடல். ஆறு ஜிபி. விசிறி இரண்டு. ஐம்பத்தெட்டு.
"ஒரே ஒரு குறை. டபிள்யூ சிக்கும்.
பின்னால போறது, பக்கவாட்டுல போறது எல்லாம் பக்கா."
முன்னால போறதுக்குத்தானப்பா அந்தக் கீ?
"போகும். நிக்கத்தான் மாட்டேங்குது."

பஸ்ஸில் மடிமேல் பெட்டி.
பக்கத்து சீட்டுக்காரம்மா மிக்ஸியா என்றார்.
ஆமாம் என்றேன்.

ஒன்பதே காலுக்குக் கரண்ட் போனது.
பேட்டரி ஐம்பத்திரண்டு நிமிடம் என்றது.
போன் ஹாட்ஸ்பாட்டில், காதுக்குள்,
வேளாங்கண்ணியிலிருந்து டெல்பின் கத்துகிறாள்:
"நில்லுடி, பாலத்துல ஆள் இருக்கு, நில்லு!"

விரலை எப்போதோ எடுத்துவிட்டேன்.
துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு
திரையில் என் ஆள்
பாலத்தில் நடந்துகொண்டிருக்கிறாள்,
தோளில் ஒன்று பட்டபிறகும்.