புல் பார்த்தவன்

ஒன்பது பருவங்கள்
என் வலது கை ஃபின்டன் லிடியின் முதுகில் இருந்தது.
தன் கைகூட அத்தனை நேரம் அங்கே இருந்ததில்லை
என்பாள் அவன் மனைவி கிரான்யா,
சிரிக்காமல்.

அவனுக்கு மூன்றாம் எண் சட்டை.
ரக்பி தெரியாதவர்களுக்குச் சொல்வதென்றால்:
எட்டுப் பேரும் எட்டுப் பேரும் முட்டித் தள்ளும்போது
பாரம் எந்தக் கழுத்தில் வந்து இறங்குமோ
அந்தக் கழுத்து.
பந்து அவன் கைக்கு வருவது
வருஷத்துக்குப் பத்துத் தடவை இருக்கும்.
அதிலும் இரண்டைக் கீழே போடுவான்.

நடுவர் சொல்வார்: குனி. பிடி. மோது.
அப்புறம் புல்.

லிமெரிக் புல்லில் ஆற்று வாடை.
கால்வேயில் உப்பு.
பெல்ஃபாஸ்டில் ஜனவரியில் புல்லே கிடையாது.
ஸ்வான்சியில் ஒருமுறை எவனோ தொலைத்த பல் ஒன்று கிடந்தது,
அடுத்த ஸ்கிரமிலும் அங்கேயே கிடந்தது.
ஊரே தொண்டை கிழியக் கத்திய இரவுகளில்
அவன் பார்த்தது இவ்வளவுதான்.
அரங்கம் எப்படியப்பா இருந்தது என்று மகள் கேட்பாள்.
"ஈரமா இருந்தது."

அயர்லாந்துக்காக ஒரே ஒரு தொப்பி.
டப்ளின், பிப்ரவரி, எழுபத்தாறாம் நிமிடம்.
ஓடி உள்ளே போனான். ஒரே ஸ்கிரம்.
நான் வீட்டில், டிவி முன்னால்;
வலது கை தானாகப் போய்
சோபாவின் முதுகைப் பிடித்துக்கொண்டது.
சரிந்தது. விசில்.
குவியலுக்குள்ளிருந்து முகத்தை மட்டும் தூக்கி
நடுவரின் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்று
அவன் தேடியதை
கேமரா இரண்டு நொடி காட்டியது.
எங்கள் பக்கம் நீளவில்லை.

தொப்பி வெல்வெட். குஞ்சம் வைத்தது.
அவன் தலைக்குச் சின்னது.

பிறகு கழுத்தில் ஒரு வட்டு பிதுங்கியது.
மருத்துவர் படத்தைச் சுட்டிக் காட்டினார்,
கிளப் ஒரு கடிதம் கொடுத்தது,
அதில் "பரஸ்பர சம்மதத்துடன்" என்று இருந்தது.
யாருடைய சம்மதம் என்று கேட்க
அவனுக்குத் தோன்றவில்லை.
இப்போது நீனாவில் டிராக்டர் டயர் விற்கிறான்.
காது இரண்டும் இஞ்சித் துண்டுகள்.
கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவதுபோல்
முழு உடம்போடு திரும்புவான்.

போன மே மாதம், வெரோனா விமான நிலையம்.
பெல்ட்டைக் கழற்றிக் கையில் பிடித்த வரிசை.
எங்களுக்குப் பின்னால் யாரோ
மூக்கால் மெல்ல முனகினான்.

ஃபின்டனின் தோள் இறுகியதை
என் கை, தொடாமலே, அறிந்தது.

எர்மெஸ் பிட்சொலோ.
ட்ரெவிசோ அணி, ஒன்றாம் எண்.
பதினோரு ஆட்டங்கள் கன்னத்தோடு கன்னம்.
பூண்டு, கருங்காப்பி, மோதும் முன் அந்த முனகல்;
அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது.
இவனுக்கு இத்தாலியன் வராது,
அவனுக்கு எங்கள் பேச்சு எதுவுமே வராது.

பீரோ திரும்பியது.
அவனும் பார்த்தான். முதலில் காதை, பிறகு மற்றதை.
இரண்டு பேரும் பெட்டிகளைக் கீழே வைத்தார்கள்.
யாரும் சொல்லாமலே குனிந்தார்கள்.

வரிசை நகர்ந்தது, அவர்கள் நகரவில்லை.
சீருடைக்காரி வந்து ஏதோ அதட்டினாள்.
ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.
நான் இரண்டு பெல்ட்டுகளையும் பிடித்துக்கொண்டு நின்றேன்,
பக்கத்தில் எனக்கான இடைவெளி
திறந்தே இருந்தது.

விமானம் மேலேறி வெகுநேரம் கழித்து,
ஜன்னல் பக்கம் திரும்ப முடியாமல்
முன் இருக்கையைப் பார்த்தபடியே சொன்னான்:

"அவன் கண் பச்சைடா.
நான் பழுப்புன்னு நெனச்சிருந்தேன்."