பொதுச்சுவர்

இஸ்லாவில், படகுத்துறைக்குச் சரியும் சந்தொன்றில்,
ஒரு சுவரின் இரு பக்கமும் இருந்துகொண்டு
பதினோரு வருடமாக வழக்காடுகிறார்கள் இருவர்.

தெற்கே விஸ்டின், கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தவர்.
வடக்கே ஃபிலோமினா, பொத்தான் கடைக்காரி.
அவள் வாஷிங் மெஷின் கசிகிறது என்கிறார் இவர்.
அவர் குளியலறைக் குழாய் என்கிறாள் அவள்.
நீதிமன்றம் என்னை அனுப்பியது
ஒரு கண்ணாடிக் குழல், ஓர் உருண்டை பசைக்களிம்பு,
நொடி காட்டும் கடிகாரம் ஒன்றோடு.

குழலைச் சுவரில் ஒட்டி நீர் ஊற்றினேன்.
நிமிடத்துக்கு ஒரு கோடு இறங்கியது மட்டம்,
பிறகு அரைக் கோடு.
குடிக்கிற வாய் எங்கே என்று
பூதக்கண்ணாடி வைத்துத் தேடியும் தெரியவில்லை.
தேன் நிறக் கல். நகம் பட்டால் பொடி உதிர்கிறது.
கடலடியில் செத்த நுண்ணுயிர்களின் ஓடுகள்
ஒன்றன்மேல் ஒன்றாய் அமுங்கி இறுகியது.
ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே
யாரும் குடியேறாத அறைகள், கோடி கோடியாய்.

அகன்ற வழியில் நீர் சோம்பேறி.
மயிர் நுழையாத இடுக்கு கிடைத்தால்
ஏணியும் பம்பும் இல்லாமல் மேலே ஏறும்.
ஒரு சுவரைப் பற்றும், எதிர்ச் சுவரைப் பற்றும்,
தன்னையே இழுத்துக்கொள்ளும்.
இடுக்கு சிறுக்கச் சிறுக்க
ஏற்றம் அதிகம், அவசரம் குறைவு.

ஃபிலோமினா காப்பி கொடுத்தாள்.
விஸ்டினைத் திட்டிக்கொண்டே
சர்க்கரைக் கட்டியின் ஒரு மூலையைக் காப்பியில் தொட்டுப் பிடித்தாள்.
பழுப்பு ஏறியது, பாதி, முக்கால்,
விரலைத் தொடும் முன் விட்டுவிட்டாள்.
அவளுக்கு அது அன்றாடப் பழக்கம்.
எனக்கு அறிக்கையின் முதல் பக்கம்.

இடுப்பு உயரத்தில் உப்புப் பூத்திருந்தது,
பூனை மயிர் போல, ஊதினால் அசையும்படி.
ஆய்வகம் இருக்கிறது இதற்கெல்லாம்;
ஆனாலும் நாக்கில் வைத்துப் பார்த்தேன்.
சோப்பு இல்லை. சாக்கடை இல்லை.
சுவரில் ஓதம்.
ஓதத்துக்குக் கடல் என்றும் பொருள்.
இந்தச் சந்தில் இரண்டும் ஒன்றுதான்.

இரண்டு வீட்டுக்கும் அடியில் ஒரே பழைய தொட்டி,
அதன் கீழே பாறை, பாறையைத் துறைமுகம் நனைக்கிறது.
நீர் ஏறி வந்து காற்றோடு போய்விடும்.
உப்புக்குச் சிறகில்லை, தங்கிவிடும்.
தங்கி, படிகமாய்த் தடித்து,
கல்லை உள்ளிருந்தே நெம்பும்.

அதோடு முடிந்திருந்தால் இருவரும் நிரபராதிகள்.
ஆனால் விஸ்டின், அசிங்கம் மறைய,
நெஞ்சளவுக்கு ஆயில் பெயிண்ட் அடித்திருந்தார்.
மூச்சு விட இடமில்லாத ஈரம்
வடக்குப் பக்கம் திரும்பியது.
ஃபிலோமினா டைல்ஸ் ஒட்டினாள்.
தெற்கே திரும்பியது, டைல்ஸுக்கு மேலேயும் ஏறியது.
இவர் பெயிண்டை உயர்த்தினார்.
அவள் இன்னும் இரண்டு வரிசை ஒட்டினாள்.
இப்படியே ஈரம் தோளுக்கு வந்துவிட்டது.

'தவறு யாருடையது?' என்று படிவத்தில் ஒரு கட்டம்,
ஒரு பெயர் மட்டும் கொள்ளும் அகலத்தில்.
விளிம்பில் பொடி எழுத்தில் எழுதினேன்:
இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் உரிக்கவேண்டும்.
சுண்ணாம்புச் சாந்து பூசுங்கள், பெயிண்ட் கூடாது.
ஒருவர் திறந்து ஒருவர் மூடினால்
மொத்த உப்பும் திறந்தவர் வீட்டில் பூக்கும்.

செப்டம்பரில் மறுபடி கூப்பிட்டார்கள்.
புதுப் புகார். இரவில் சுத்தியல் சத்தம், தூங்க முடியவில்லை.
இரண்டு பக்கமிருந்தும், ஒரே தேதியிட்டு.

போனேன். தரையெல்லாம் டைல்ஸ் சில்லு.
அந்தப் பக்கம் பெயிண்ட் தோல் தோலாக.
அம்மணமாய் நின்ற கல்லில் கை வைத்தேன்.
குளிர்ச்சி, பிறகு இன்னும் குளிர்ச்சி.
மறுபக்கம் விஸ்டின் இருமுவது கேட்டது.
"மருந்து குடிக்கிறாரா என்று கேளுங்கள்," என்றாள் ஃபிலோமினா,
சுவரைப் பார்த்து.

கையை எடுத்தேன்.
உள்ளங்கை ரேகைகளில் வெள்ளை.