பதின்மூன்று ஆம்பியர்

லெஸ்டரில், ஜனவரியில்,
தையற்கூடத்தில் ஆள் சேருமுன்
பிளக்குகளைக் கழற்றத் தொடங்குகிறேன்.
நாற்பத்தொரு தையல் மிஷின், ஆறு இஸ்திரிப்பெட்டி,
ஒரு கெட்டில்,
யாருடையதென்று யாரும் சொல்லாத ரேடியோ.

என் வேலையில் பாதி கண்ணால் நடப்பது.
கருவி பிறகுதான்.
வயரை விரலிடையே விட்டு
நுனிவரை உருவிப் பார்ப்பேன்,
பிள்ளை தலையில் பேன் தேடுவதுபோல.
கீறல், கசங்கல், மேசைக்கால் ஏறிய தழும்பு.
அப்புறம் எர்த். அப்புறம் இன்சுலேஷன்.
எண் சரியென்றால் பச்சை ஸ்டிக்கர்.
பச்சை ஸ்டிக்கரை ஒருவரும் வாசித்து நான் கண்டதில்லை.

பதினேழாம் மேசையடியில்
வெட்டுத்துண்டுப் பெட்டிக்குப் பின்னால்
ஒளித்து வைத்த ஹீட்டர்.
பட்டியலில் இல்லை.
பிளக்கின் முதுகு தேநீர் நிறத்தில் வெந்திருந்தது.
சூடேறிய பிளக் மீன் நாறும்;
யாருடையதோ மதியச் சாப்பாடு என்று
விட்டிருப்பார்கள்.
திருகைக் கழற்றினேன்.
ஃபியூஸைச் சுற்றி சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாள்,
அத்தனை நேர்த்தியாக, ஓரம் மடித்து.
தையல் தெரிந்த கை.

"அது என்ர," என்றாள் தவமலர்
மப்ளரைக்கூட அவிழ்க்காமல்.
"ஃபியூஸ் ஒரே போகுது, அதுதான்."
போகத்தான் அதை வைத்திருக்கிறது என்றேன்.
பதிலுக்கு விரல்களை நீட்டினாள்.
ஊசியில் நூல் கோக்க வராமல்
நீலம் பாரித்த நுனிகள்.

வாதாட அவளிடம் நியாயம் இருந்தது.
என்னிடம் குறடு.
சுற்றிலும் பாலியெஸ்டர்,
தரையெல்லாம் பஞ்சுத்தூசி,
முப்பத்தெட்டுப் பேருக்கு ஒரே படிக்கட்டு.
வயரை நறுக்கினேன்.
பிளக்கை அவள் உள்ளங்கையில் வைத்தபோது
இன்னும் கொஞ்சம் சூடு இருந்தது;
மூடிக்கொண்டாள்.
சிவப்பு ஸ்டிக்கர்: தோல்வி.
யாருடையது என்று எழுத
அதில் இடமில்லை.

முதலாளி கீத் பத்து மணிக்கு வந்தார்.
"எல்லாம் பாஸா?"
கோட்டுப் பொத்தானைக் கழுத்துவரை போட்டபடி.

அறிக்கையின் அடியில்
'பிற குறிப்புகள்' என்றொரு கட்டம் உண்டு.
வழக்கமாகக் குறுக்கே கோடு இழுத்துவிடுவேன்.
இன்று எழுதினேன்:
காலை எட்டே கால், மேசை பதினேழு,
அறைச் சூடு ஒன்பது டிகிரி.
பாய்லர்: சோதிக்கும்படி யாரும் கேட்கவில்லை.

கையெழுத்திட
கீத் கையுறையைக் கழற்றினார்.
பேனா இரண்டு தரம் கீறியும்
மை இறங்கவில்லை.