ஸ்டெப்னிக்கு அடியில்

கடலூரில் இரும்பு ஒரு தின்பண்டம்.
கடலுக்கு அவசரமில்லை, நக்கி நக்கித் தின்னும்.
மஞ்சக்குப்பத்தில் ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு
வெள்ளைப் புடவையில் கை துடைக்க முடியாது.

ஹெரால்டைப் பார்க்கப் போனபோது
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் தரை தெரிந்தது.
காரின் தரை அல்ல,
தேவனாம்பட்டினத்து மணல்.
விற்ற அடைக்கலசாமி சொன்னார்:
"காத்து நல்லா வரும்மா."

நான்கு வருடம்.
பகலில் அரசு மருத்துவமனை எக்ஸ்ரே அறை:
மூச்சை இழுத்துப் பிடிங்க. அசையாதீங்க.
ம், விடுங்க.
இரவில் ஷெட்.
என் கணவர் செல்வநாதனின் ஸ்கூட்டர்
நான்கு ஐப்பசியும் வெளியே நனைந்தது.
சீட்டில் காளான் முளைத்திருப்பதாக ஒருநாள் சொன்னார்.
கிரைண்டரை அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன்.
முளைத்துத்தான் இருந்தது.

பாடியைச் சேஸிலிருந்து கழற்றிய அன்று
பன்னிரண்டு போல்ட்டில் ஒன்பது தானாக உடைந்தன.
மூன்றை நான் உடைத்தேன்.
அவுட்ரிக்கரைத் தட்டினால் இரும்புச் சத்தம் வரவில்லை,
அப்பளச் சத்தம் வந்தது.
வெட்டி, பற்றவைத்து, தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசி,
மறுநாள் காலையில் அதன்மேல் உப்புப் பூத்திருக்க
மறுபடி தேய்த்து.
எதிர்வீட்டுக் கோமளவல்லி கேட்டாள்:
"இதுக்கு ஒரு புதுக் காரு வாங்கியிருக்கலாமே?"
வாங்கியிருக்கலாம்.

பெயிண்ட் அடிக்க ஈரமில்லாத நாள் வேண்டும்.
கடலூரில் அப்படி ஒன்று கிடையாது.
மாசிமகத்தன்று தெருவே கடற்கரைக்குப் போயிருந்தது,
தூசி கிளப்ப ஒரு செருப்பில்லை.
அன்று அடித்தேன்.
பிறகு இரண்டாயிரம் நம்பர் தாள், சோப்புத் தண்ணீர்,
பானெட்டில் விழும் டியூப்லைட்
நெளியாமல் நேராகப் படுக்கும்வரை.

டிக்கிக்குள் ஸ்டெப்னி வைக்கும் குழி இருக்கிறதே,
அதற்கு மட்டும் பதினோரு இரவு.
"அதை யாரு பாக்கப்போறா" என்றார் செல்வநாதன்,
டார்ச்சைப் பிடித்துக்கொண்டே.
வளைவுக்குள் விரல் போகாது,
பல் பிரஷைச் சூடாக்கி வளைத்துத் தேய்த்தேன்.
அந்த இளம்பச்சை அங்கே மட்டும்
ஆழமாக விழுந்திருந்தது,
ஏனென்று தெரியாது.

பாண்டிச்சேரி, கடற்கரைச் சாலை, ஞாயிறு.
வெள்ளைக் கையுறையோடு மூன்று நடுவர்கள்.
ஒருவர் பானெட்டை ஒருக்களித்துப் பார்த்தார்.
ஒருவர் டாஷ்போர்டுக் கடிகாரம் ஓடுகிறதா என்று
ஒரு நிமிடம் நின்றார். ஓடியது.
ஹாரன் பட்டன் பிந்திய மாடலுடையதாம்,
அரை மதிப்பெண் போயிற்று.
நான் டிக்கியைத் திறந்து பிடித்தபடி நின்றேன்,
ஸ்டெப்னியை வெளியே எடுத்து வைத்து.
பக்கத்து வரிசைக்கு ஒரு பென்ஸ் வந்து சேர்ந்தது.
போய்விட்டார்கள்.

ஆறுதல் பரிசு, சுவர்க்கடிகாரம்.

அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில்
நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.
ஆல்பேட்டைச் சோதனைச் சாவடியில்
கை நீட்டி ஓரங்கட்டச் சொன்னார்
சட்டையில் தேசிங்கு என்று பெயர் இருந்தவர்.
"பாண்டியிலிருந்தா? டிக்கியத் திறங்க."

கடிகாரப் பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கினார்.
சாலையில் சாக்கு விரித்துப் படுத்து
சேஸின் நீளம் முழுக்க டார்ச் அடித்தார்.
முன்சக்கரத்து மட்கார்டுக்குள்
முழங்கை வரை கையை விட்டு
மேல்மடிப்பில் தடவி, எடுத்து,
விரலைப் பார்த்தார்.
மோந்தும் பார்த்தார்.
பாட்டில் பதுக்குகிறவர்களை நன்கு அறிந்த கை,
ஓர் இடம் விடவில்லை.

"ஸ்டெப்னிய எடுங்க."

செல்வநாதன் எடுத்தார்.
தேசிங்கு தொப்பியைக் கழற்றிவிட்டுத்
தலையைக் குழிக்குள் நுழைத்தார்.
டார்ச் வெளிச்சம் பச்சையில் பட்டு
அவர் தாடைக்கு ஏறியது.
நான் மூச்சை இழுத்துப் பிடித்திருந்தேன்.
அசையவில்லை.

"ஒண்ணுமே இல்லியே" என்றார்,
ஏமாந்த குரலில்.
பிறகு கொஞ்சம் சந்தேகமாக:
"தூசிகூட இல்ல."

இன்னொரு தடவை பாருங்க சார் என்று
வாயெடுத்தேன்.
பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான்.