மாமியின் நம்பர்

மாமிக்குக் கருமாதி முடிந்தும்
அவருடைய போன் அடிக்கிறது.
விடியக்காலை நாலரைக்கு.
கந்தப்பளையில் நாய்கூடச் சாக்கைவிட்டு எழும்பாத நேரம்.

தம்புள்ளை முதலாளி.
"அம்மா கோ?"
இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.
"ஆங், ஆங், தெரியும்" என்கிறான்.
மறுநாளும் அதே நேரத்துக்கு எடுக்கிறான்.
அங்காயி இல்லை என்ற செய்தி
மார்க்கெட் வாசலில் லொறிக்குப் பின்னால்
இன்னும் வரிசையில் நிற்கிறது போலும்.

என்னை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை.
ராகலைக்காரி.
பதினெட்டு வருஷமும் ராகலைக்காரி.
"ஒங்க ராகலையில இப்பிடித்தான் கெழங்கு நடுவாங்களோ?"
நானும் விட்டதில்லை.
ஒரே குசினியில் இரண்டு அடுப்பு எரிந்த மாதங்கள் உண்டு.
இருந்தும் இந்தப் போனைச் சார்ஜில் போடுகிறவள்
நான்தான்.

கோத்தகிரியில் இருந்து தங்கச்சி.
காது கேளாதவள், கத்துகிறாள்:
"அன்னைக்கு மட்டும் ரயிலு ஏறியிருந்தா!"
பெட்டி, படுக்கை, பாஸ்போர்ட், மொத்தக் குடும்பமும்
தலைமன்னாருக்குப் போய்க்கொண்டிருக்க,
பொல்காவலையில் தண்ணீர் பிடிக்க இறங்கியவர்
செம்போடு அப்படியே நின்றுவிட்டார்.
ரயில் நகர்ந்தது.
ஜன்னலில் தகப்பனுடைய கை
சின்னதாகிச் சின்னதாகிப் போனதாம்.
செம்பில் ஒரு சொட்டும் சிந்தவில்லையாம்.
ஏன் மாமி என்றால்
"வெதக்கெழங்கு மொளவிட்டுக் கெடந்துச்சு, யாரு நடுறது?"
லயத்தில் வேறு கதை சொல்வார்கள்,
பக்கத்துக் காம்பராவில் ஒரு பையன் இருந்தான் என்று.
அந்தப் பையன்தான் பிறகு என் மாமனார்.
அவர் கடைசிவரைக்கும் கிழங்கையே சொன்னார்.

கிளிநொச்சியில் இருந்து ஒரு ஆள்:
"அம்மா வெட்டின கிணறு இந்தக் கோடைக்கும் வத்தேல்லை."
எழுபத்தேழில் லயம் எரிந்தபோது
இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று,
தலையில் மண்வெட்டி.
சட்டியை விட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்திருக்கிறார்!
காட்டை வெட்டி, கச்சான் போட்டு,
காய்ச்சலில் புருஷனைக் கொடுத்து,
பதின்மூன்று வருஷம் கழித்து
வெங்காய மூட்டைகளுக்கு அடியில் படுத்து
மலைக்குத் திரும்பினார்.
அதற்குப் பிறகு வெங்காயம் உரிக்கவே மாட்டார்.
அது மட்டும் என் வேலை.

ஆற்றோரம் கால் ஏக்கர், கல்லும் மானாப் புல்லும்.
தோட்டத்து நிலம் என்று தொரை வழக்குப் போட
நுவரெலியாக் கோர்ட்டுக்குப் பதினொரு வருஷம் நடந்தார்,
மடியில் ஒரு பிடி மண்ணோடு.
"எங்க ஐயா, இதுல ஒங்க பேரு எழுதியிருக்கு?"
நீதவான் சிரித்தாரா இல்லையா என்பதில்
வீட்டுக்குள் இன்னும் இரண்டு கட்சி.
அவருடைய பெயருக்கே அப்போது அடையாள அட்டை கிடையாது.
அது வந்தது அறுபதில்.
அட்டையைக் கையில் வாங்கி, படத்தைப் பார்த்து,
"யாரு இந்தக் கெழவி?" என்றார்.

ஹக்கலை வளைவில் லொறி குடைசாய்ந்ததை
நானே பார்த்தேன், பின்னால் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன்.
முன்கண்ணாடி வழியாக வெளியே வந்து
நெற்றி இரத்தம் கண்ணில் வழிய
கேரட் மூட்டைகளை எண்ணினார்.
முப்பத்தொன்று. ஒன்று குறைந்தது.
பள்ளத்தில் இறங்கப் பார்த்தவரை
சேலையைப் பிடித்து இழுத்து வைத்திருந்தேன்.
"விடுடீ ராகலைக்காரி!"
அந்தப் பிடியில் கிழிந்த சேலையை
வருஷா வருஷம் எனக்குச் சொல்லிக் காட்டினார்.
வேறு சேலை வாங்கிக் கொடுத்தும்.

இன்றைக்கும் நாலரை.
"அம்மா கோ?"
இல்லை, நான் மருமகள்.
"சரி. லீக்ஸ் எவ்வளவு?"
இருநூற்று எண்பது என்றேன்.
மூச்சு வாங்கினான், மழை என்றான், டீசல் என்றான்.
இருநூற்று எழுபதுக்கு இறங்கிவிட்டேன்.

போனை வைத்த பிறகும் உடம்பு கூசியது.
பத்து ரூபாய்.
குசினிப் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.